நர்ஸம்மா வரையச் சொன்ன படம்

கஸ்தூரி நர்ஸம்மாவுக்கு முப்பது வருஷ வேலையில் ஒரே ஒரு மெமோதான் வந்தது. அதுவும் ஒரு மாட்டுப் படத்துக்காக. திருவண்ணாமலையில் அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று காலை அந்தச் சந்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த அரசாங்கப் பிரசவ விடுதி. ஆறு கட்டில், ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். எழுபத்தொன்றில் கஸ்தூரி அங்கே வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. துணைக்கு உண்ணாமலை என்று ஒரு ஆயா. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நல்லது கெட்டது எதுவானாலும் கஸ்தூரி தலையில்தான்.

விடுதி வாசலில் ஒரு தகரப் போர்டு தொங்கியது. கொழுகொழுவென்று ஒரு குழந்தை, அதன் கையில் பால் புட்டி. மேலே விடுதியின் பெயர், கீழே ஒரு பால்மாவுக் கம்பெனியின் பெயர். பெரிய தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த ராஜமாணிக்கம் இலவசமாகக் கொண்டுவந்து மாட்டியது அது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐந்து வருஷம் கஸ்தூரி அதன் கீழேதான் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்த்து யோசித்ததில்லை.

எழுபத்தாறு ஐப்பசி மழையில் மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வயிற்றுப்போக்கு. புட்டிப்பாலில் வளர்ந்த குழந்தை. தொடைத் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. என்னென்னவோ செய்து பார்த்தும் மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது.

"ஒரு டின் பால்மாவை எத்தனை நாளைக்கு வச்சிருந்தே?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"ஒரு மாசம்மா."

ஒரு வாரத்துக்கான டின் அது. "உனக்குப் பால் இல்லையா?"

"இருந்துச்சும்மா. ஆனா உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே புட்டிதானே போட்டுக்கீது. அதான் ஒசத்தின்னு நெனச்சிட்டோம்."

அந்தப் பெண் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கஸ்தூரி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றி, ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ராஜமாணிக்கம் வந்தார்.

"வாசலே மூளியா இருக்கே நர்ஸம்மா?"

"அந்தப் படத்தைப் பாத்து ஒரு புள்ள போயிடுச்சுங்க."

"படத்தைப் பாத்து யாராவது சாவாங்களா? தண்ணிய ஜாஸ்தி ஊத்தினது அவங்க தப்பு."

"படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம்தாங்க எழுத்து. நாம புட்டின்னு எழுதி வச்சோம். அவங்க அப்படியே படிச்சிட்டாங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு கஸ்தூரிக்குப் பிடிக்கவில்லை.

போர்டு இருந்த இடம் காலியாக இருந்தால் அவர் மறுபடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார் என்ற பயம் அவளுக்கு. அந்த இடத்தில் தாய்ப்பாலுக்கென்று ஒரு அடையாளம் போட்டுவிட வேண்டும். டாக்டரிடம் கேட்டாள். "போட்டுக்கோ. ஆபாசமா இருக்கக் கூடாது" என்றார். என்ன போடுவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்தது. டாக்டர், சுகாதார ஆய்வாளர், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர். தாய் பால் கொடுக்கும் படம் என்று கஸ்தூரி வாயெடுத்ததுமே ஆய்வாளர் குனிந்து காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். "நடுத்தெருவுல எப்படிம்மா? வயசுப் பசங்க போற வழி" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர், அம்பாள் ஞானசம்பந்தருக்குப் பால் கொடுக்கும் காட்சியை வரையலாம் என்றார்.

"அம்பாள் பொற்கிண்ணத்துல இல்லைங்களா குடுத்தா?" என்றாள் கஸ்தூரி. "கிண்ணம், புட்டி எதுவும் வேணாம்னு சொல்லத்தானே படம் போடறோம்."

கடைசியில் பசுவும் கன்றும் என்று முடிவானது. யாருக்கும் மறுப்பில்லை. கஸ்தூரிக்கும் அது நல்லதாகவே பட்டது.

சுவரில் வரைய வந்தவன் இருசப்பன். சினிமாவானாலும் கட்சியானாலும் அந்த வட்டாரத்துச் சுவர் எழுத்தெல்லாம் அவன் கைதான். கோடு போட்டு முடித்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கி நின்றான்.

"நர்ஸம்மா, இது டெல்லிக்காரங்க கட்சிச் சின்னமாட்டம் இருக்குமே?"

"இப்ப எலெக்ஷனா வரப்போவுது?"

நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். எலெக்ஷன் என்ற சொல்லையே ஊர் மறந்திருந்தது. இருசப்பன் சிரித்துக்கொண்டு வண்ணத்தைக் குழைத்தான். பசு கழுத்தை வளைத்துக் கன்றை நக்க, கன்று மடியில் முட்டிக்கொண்டு நின்றது. நல்ல படம்.

ஜனவரியில் எலெக்ஷன் அறிவிப்பு வந்தது. பத்தே நாளில் ஊர்ச் சுவர்களிலெல்லாம் டெல்லியில் ஆண்ட கட்சியின் சின்னமாகப் பசுவும் கன்றும் முளைத்தன. வரைந்தது அதே இருசப்பன். அதே வளைந்த கழுத்து, அதே வெள்ளைப் பொட்டு நெற்றியில். செங்கம் ரோட்டில் பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் கஸ்தூரிக்குத் தன் விடுதி வாசலில் நிற்பதுபோலவே இருந்தது.

அதற்குள் பெண்கள் வருவது கம்மியாகிவிட்டது. கஸ்தூரிக்கு முதலில் காரணம் பிடிபடவில்லை. உண்ணாமலைதான் ஒரு நாள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேஷன் பண்றவங்க மாடு இதுன்னு சொல்றாங்கம்மா. உள்ள போனா அறுத்துடுவாங்களாம்."

அதில் பாதி வதந்தி, பாதி நிஜம். போன வருஷம் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாதம் இத்தனை பேர் என்று மேலிருந்து கணக்குக் கேட்டார்கள். கஸ்தூரியும் வீடு வீடாகப் போனாள். ஜீப்பில் பெண்களையும் ஆண்களையும் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனாள். சிலர் மனசோடு வந்தார்கள். சிலர் அழுதுகொண்டே வந்தார்கள். அழுதவர்களின் முகத்தை அவள் பார்க்காமல் ஜீப்பின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அதையெல்லாம் யாரும் மறக்கவில்லை.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே உண்ணாமலை?"

"படம் போடறதுக்கு முன்னாடி எங்களை யாரும் கேக்கலியேம்மா."

மார்ச் முதல் வாரம் வேலூர் ஜில்லா சுகாதார ஆபீஸிலிருந்து தபால் வந்தது. அரசாங்கக் கட்டடத்தில் கட்சிச் சின்னம் வரைந்து ஓட்டுக் கேட்பதாக நர்ஸ் மேல் புகார். அடியில் ஐந்து கையெழுத்து, முதல் கையெழுத்து ராஜமாணிக்கத்துடையது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் வருவார்.

கணவர் கோதண்டராமன் அரிசி மில்லில் கிளார்க். தபாலை இரண்டு தரம் படித்தார். "சஸ்பெண்ட் பண்ணுவாங்க கஸ்தூரி. ஜெயிலுக்குக் கூட அனுப்பலாம். இந்தக் காலத்துல யாரு கேக்கறது? அவங்க வர்றதுக்குள்ள அழிச்சிடு."

இருசப்பனைத் தேடினால் அவன் போளூர்ப் பக்கம் சுவர் எழுதப் போயிருந்தான். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கஸ்தூரியே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு பூச்சு மட்டையோடு நின்றாள். வேடிக்கை பார்க்கச் சந்து முனையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ராஜமாணிக்கமும் இருந்தார். முதல் பூச்சில் மாடு மறையவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து பசுவின் கண் அப்படியே பார்த்தது. கன்றை இரண்டாம் தரம் பூசிக்கொண்டிருந்தபோது குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டது.

ஒரு ஜட்கா வண்டி வந்து எதிர்ச்சாரியில், டீக்கடை ஓரமாக நின்றது. வண்டிக்காரன் தருமனை அவளுக்குத் தெரியும். அடி அண்ணாமலைக்காரன். அவன் பெண்டாட்டி பாஞ்சாலைக்குக் கார்த்திகையில் இதே விடுதியில்தான் தலைப்பிரசவம், பெண் குழந்தை. தருமன் குதிரையின் முகத்தைச் சந்து வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டான். இறங்கவில்லை.

"தருமா! இன்னா?"

"கொயந்த கண்ணைத் தொறக்கலீங்க."

"உள்ள எடுத்துட்டு வா!"

அவன் சுவரைப் பார்த்தான். கன்று பாதி போயிருந்தது. பசு முழுசாக நின்றது.

"உள்ள வரமாட்டேங்க. எங்க அண்ணனை ஆபரேஷனுக்கு இட்டுகினு போனீங்களே, அதுமாதிரி என்னையும் அனுப்பிடுவீங்க. மருந்து இருந்தா இங்கயே குடுங்க."

கஸ்தூரி மட்டையைப் போட்டுவிட்டுச் சந்தைக் கடந்து ஓடினாள். வண்டிக்குள் பாஞ்சாலை மடியில் துணிச்சுருளாகக் கிடந்தது குழந்தை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். அது சேர நேரம் பிடித்தது. போன ஐப்பசியில் பார்த்த அதே தோல்.

"எத்தனை நாளா?"

"முந்தாநாள்லேர்ந்து. டின் பால் குடுத்தோம்மா. எனக்குப் பத்தலன்னு சொன்னாங்க."

"இறங்கு. டீக்கடை பெஞ்சுல உக்காரு. தருமா, நீ வண்டியிலயே இரு. உன்னை ஒருத்தரும் தொடமாட்டாங்க."

டீக்கடைக்காரர் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு செம்பு தந்தார். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை. கஸ்தூரி சுண்ணாம்புக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஸ்பூனால் ஊட்டினாள். முதல் ஸ்பூன் கடைவாய் வழியே வழிந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நிதானமாக ஊட்டினாள். மணி ஒன்பதரை ஆயிற்று. பத்தாயிற்று.

உண்ணாமலை எதிரிலிருந்து கத்தினாள். "அம்மா, செவுரு!"

"நீ பூசு!"

"எட்டலம்மா எனக்கு!"

பத்தேகாலுக்கு ஜீப் வந்தது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே. சந்து முனையில் ஹாரன் கேட்டதும் தருமன் துள்ளி எழுந்தான். அவனுக்கு எந்த ஜீப்பானாலும் ஒரே ஜீப்தான்.

"ஏறு! ஏறுடி!" என்று பாஞ்சாலையைப் பிடித்து இழுத்தான்.

கஸ்தூரி குழந்தையை விடவில்லை. "தருமா, இப்ப வண்டியில குலுக்கினா புள்ள வீடு போய்ச் சேராது. நான் சொல்றேன் கேளு. அந்த ஜீப் உனக்காக வரல. எனக்காக வருது."

"உங்களுக்கா?"

"ஆமா. என் வேலைய எடுக்க வராங்க. நான் ஓடறேனா பாரு."

அவன் கை தளர்ந்தது. ஆனால் கடிவாளத்தை விடவில்லை.

அதிகாரி கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். இறங்கியதும் சுவரைப் பார்த்தார். ராஜமாணிக்கம் முன்னால் வந்து வணக்கம் வைத்தார். "பாத்தீங்களா சார்? நீங்க வரீங்கன்னு தெரிஞ்சு அவசர அவசரமா அழிக்கறாங்க." சுகாதார ஆய்வாளரும் ஜீப்பிலிருந்து இறங்கினார். கஸ்தூரியின் கண்ணைச் சந்திக்காமல் தள்ளி நின்றார்.

"நர்ஸ் யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்." கஸ்தூரி எழுந்திருக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைக்கவும் இல்லை.

"இங்க வாம்மா."

"வர முடியாது சார். இன்னும் பத்து நிமிஷம்."

அதிகாரியின் முகம் கறுத்தது. ஆனால் அவரே சந்தைக் கடந்து வந்து பெஞ்சருகே நின்றார். கஸ்தூரி பாஞ்சாலையிடம் திரும்பி, "இப்ப மார்ல வச்சிக்கோ. பால் வருதோ வரலியோ, உறிஞ்சட்டும்" என்றாள். பாஞ்சாலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குழந்தையை அணைத்தாள்.

"இதை வரையச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"வேற யாருக்கும் சம்பந்தம் இல்லையா?"

ஆய்வாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். "இல்லைங்க சார்" என்றாள் கஸ்தூரி. "கட்சிக்காக வரையல. தாய்ப்பால் குடுக்கணும்னு காட்டறதுக்கு ஒரு அடையாளம் வேணும்னு வரைஞ்சேன். தப்பான படத்தை எடுத்துட்டேன்."

பேசிக்கொண்டே அவள் பாஞ்சாலையின் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. வெளியே நீட்டியிருந்தவை இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும்தான். சாம்பல் நிறம். அசைவே இல்லை. அதிகாரி ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. பிறகு வலது காலின் பெருவிரல் மடங்கியது. விரிந்தது. மறுபடி மடங்கியது. கொஞ்ச நேரத்தில் பாதமே மெல்ல உதைத்தது.

"குடிக்குதும்மா" என்றாள் பாஞ்சாலை.

தருமன் கடிவாளத்தைக் கீழே போட்டுவிட்டு வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதிகாரி ஒரு நிமிஷம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "புகார்னு வந்துட்டா எழுதித்தாம்மா ஆகணும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். டிரைவரைக் கூப்பிட்டு, "நீ உயரமா இருக்கே. அந்த மாட்டை முடி" என்றார்.

மெமோ வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிற்று. கீழ்பென்னாத்தூர் சுகாதார நிலையத்துக்கு மாற்றல். இனிமேல் மேலிட அனுமதியில்லாமல் எந்தச் சுவரிலும் எதையும் வரையக் கூடாது என்று தனியாக ஒரு வரி. கஸ்தூரி தினம் பஸ்ஸில் போய் வந்தாள். இரண்டு வருஷம் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ராஜமாணிக்கத்தின் கடையைக் கடக்கும்போது மட்டும் ஏனோ நடை வேகமாகிவிடும்.

எழுபத்தொன்பது, குழந்தைகள் ஆண்டு என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நலத்துக்கு ஒரு போர்டு வைக்கச் சொல்லி சர்க்குலர் வந்தது. அதை ஒரு வாரம் டிராயரில் பூட்டி வைத்திருந்தாள். எட்டாம் நாள் மேலே எழுதி அனுமதி கேட்டாள். எழுத்தில் வந்த பிறகுதான் இருசப்பனுக்கு ஆள் அனுப்பினாள்.

"சுவத்துல வேணாம். மூணு அட்டையில போட்டுக் குடு போதும்."

இந்தத் தடவை கூட்டம் கூட்டவில்லை. தடுப்பூசிக்கு வருகிற பெண்களிடம் ஒவ்வொரு அட்டையாகக் காட்டி, "இது இன்னா?" என்று மட்டும் கேட்டாள். முதல் அட்டையில் தாய் மார்பில் குழந்தை, திறந்தபடி. பெண்கள் பார்த்ததுமே வெட்கப்பட்டுக் கவிழ்த்து வைத்தார்கள். இரண்டாவதில் ஒரு பறவை குஞ்சுக்கு இரை ஊட்டியது. "கிளி ஜோசியமா?" என்றாள் ஒருத்தி. "காக்காக்குச் சோறு வைக்கச் சொல்றீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவது, கஸ்தூரி வாயால் சொல்லச் சொல்ல இருசப்பன் வரைந்தது. உட்கார்ந்த பெண்ணின் மடி, மேலே மூடிய முந்தானை, அதற்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள். முகம்கூட இல்லை. நிலையத்து கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "துணி மூட்டையா சிஸ்டர்?" என்றார். பெண்கள் அப்படிக் கேட்கவில்லை. அட்டையை எடுத்த எடுப்பிலேயே, "புள்ள பால் குடிக்குது" என்றார்கள். அக்காவோடு வந்திருந்த ஆறு வயதுப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். பத்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரே ஒருத்தி மட்டும் கிளார்க் கட்சி.

அந்த மூன்றாவது படம்தான் போர்டாக வாசலில் ஏறியது. யார் எந்தப் பக்கத்திலிருந்து என்ன சொல்லப்போகிறார்களோ என்று கஸ்தூரி காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள். ஒரு மாதம் போயிற்று. புகார் வரவில்லை. படம் யாரையும் உறுத்தவில்லை. வருகிற பெண்கள் மட்டும் உள்ளே நுழையும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷமே எலெக்ஷன் வந்தது. எத்தனையோ சின்னங்கள் சுவரெல்லாம் வந்து போயின. அவற்றில் பாதமும் முந்தானையும் எந்தக் கட்சிக்கும் இல்லையா என்று கஸ்தூரி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டாள். எண்பத்திரண்டில் அடி அண்ணாமலையிலிருந்து பாஞ்சாலை இரண்டாவது பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூர் தேடிக்கொண்டு வந்தாள். தருமன் வண்டியை நிலையத்து வாசலுக்கு உள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தான். மூத்தவள் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, சாட்டையை வாங்கிக்கொள்ள அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்து மழையில் போர்டு ஈரம் வாங்கி உரிந்துபோக, இருசப்பன் புதிதாக எழுத வந்தான். அது தடுப்பூசி நாள். ஏணியில் நின்று, இரண்டு பாதங்களையும் ஒரே அளவில் ஒட்டி நீட்டி, அழகாக வரைந்து முடித்தான். கீழே வரிசையில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"இன்னாய்யா, தூங்கற புள்ளயப் போட்டுக்கினு கீற? பால் குடிக்கிற புள்ள காலை இப்படியா வச்சிருக்கும்?"

"பின்ன எப்படி?"

"ஒரு காலை மடக்கி வரை. உதைக்கணும் அது."

கஸ்தூரி ஊசியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். இருசப்பன் அவளைப் பார்த்தான். அவள் அந்தப் பெண்ணைக் காட்டினாள். அவன் துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு வலது பாதத்தைத் துடைத்து எடுத்தான். பெருவிரல் விரிந்து, முழங்காலிலிருந்து மேலே எகிறுகிற மாதிரி புதிதாக ஒன்றைப் போட்டான். வரிசை முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆங்" என்றாள் அவள். "இப்ப குடிக்குது."